ஓவர்சியர் பதில்கள்: கோட்டைக் கேள்விகள்

முப்பத்திரண்டு வருசம் பொதுப்பணித்துறையில் சுவர் கட்டி ஓய்வு பெற்றவனிடம் கோட்டையைப் பற்றிக் கேட்டால் அவன் சுவரைப் பற்றித்தான் பேசுவான். போன இதழில் சங்ககிரி மலையைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு ஒரு கட்டுக் கடிதம். எல்லாவற்றுக்கும் இடமில்லை, மன்னிச்சுக்குங்க.

*சங்ககிரிக் கோட்டைக்குப் பிள்ளைகளோடு ஏறினோம். வாசல் தாண்டினால் இன்னொரு வாசல் வந்துகொண்டே இருக்கிறது. பலமாக ஒரே மதில் கட்டியிருந்தால் போதாதா?*
— வாசகி, பள்ளிபாளையம்

நல்லாக் கேட்டீங்க அம்மணி. ஒரே மதில் என்றால் ஒரே உடைப்பில் காரியம் முடிந்தது. வாசல்களை அடுக்கி வைத்தால், முதல் வாசலை உடைத்துவிட்டு மூச்சு வாங்கி நிற்கிறவனின் தலைக்கு நேர் மேலே அடுத்த மதில் நிற்கும். அங்கிருந்து கல் உருட்டலாம், சுடலாம். கீழே இருப்பவனுக்கு ஒதுங்க இடமிராது. மலையேறி வந்த களைப்பு வேறு. பீரங்கியை அந்தச் சரிவில் இழுத்து வருவது அதைவிடப் பெரும் பாடு.

பழைய கோட்டைகளில் இன்னொன்றும் பாருங்கள். வழி, வாசலுக்கு நேராக வராது. சுவரை ஒட்டியே வந்து சடக்கென்று ஒரு திருப்பம், அப்புறம்தான் கதவு. யானையை விட்டுக் கதவை முட்டவேண்டுமானால் அது ஓடிவர இடம் வேண்டுமே! திருப்பத்தில் வைத்துவிட்டால் யானைக்கு ஏது ஓட்டம்? அதையும் மீறி வந்தால் கதவில் இரும்பு முள். பெரிய கதவைத் திறக்காமலே ஆள் வந்துபோக அதில் ஒரு திட்டிவாசல். குனிந்துதான் நுழைய வேண்டும். குனிந்தவன் கையில் வாள் இருந்து என்ன செய்ய?

அடுத்த தடவை போகும்போது வாசல் நிலையின் அடியில் பிள்ளைகளை விரல் வைத்துத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கதவுக் குடுமி சுற்றிச் சுற்றித் தேய்ந்த குழி, ஆட்டாங்கல் குழி மாதிரி வழவழவென்று இருக்கும். கதவு போய் எத்தனையோ காலம் ஆச்சு, அது திறந்து மூடின கணக்கு மட்டும் கல்லில் இருக்கிறது. எனக்கு மதிலைவிட அந்தக் குழிதான் பிடிக்கும்.

வெளியாளைத் தடுக்கும் இத்தனை வாசலும் உள்ளே அடைபட்டவனையும் தடுக்கும். 1805 ஜூலை 31, ஆடிப்பெருக்கு நாளில் வெள்ளைக்காரர்கள் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டது இந்தச் சங்ககிரியில்தான். அவர் கோட்டை இருந்தது அரச்சலூர் பக்கம் ஓடாநிலையில், சமவெளியில்.

*கோவையில் கோட்டைமேடு இருக்கிறது, கோட்டை ஈஸ்வரன் கோயில் இருக்கிறது. கோட்டை எங்கே?*
— வாசகர், சூலூர்

இடித்தாச்சுங்க. நம் கொங்கு நாட்டில் இத்தனை தடவை கைமாறின கோட்டை வேறு இருக்குமா என்று யோசித்திருக்கிறேன். 1768இல் வெள்ளைக்காரன் பிடித்தான், அந்த வருசக் கடைசிக்குள் ஹைதர் அலி திரும்ப வாங்கிக்கொண்டார். 1783இல் கர்னல் புல்லர்ட்டன் பிடித்தார், மறு வருசம் மங்களூர் உடன்படிக்கையில் திருப்பிக் கொடுத்தாச்சு. 1790இல் ஜெனரல் மெடோஸ்.

எனக்குச் சுவாரசியமானது 1791. கோட்டை பலவீனமானது என்று நல்ல பீரங்கிகளையும் தளவாடத்தையும் பாலக்காட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். சால்மர்ஸ் என்ற லெப்டினன்ட் ஒருவர், பெரும்பாலும் திருவிதாங்கூர்ச் சிப்பாய்கள், மிச்சம் கிடந்த பழைய பீரங்கிகள். இவ்வளவுதான். திப்புவின் படை ஜூன் மாதம் ஏறி அடித்தது, முடியவில்லை. நவம்பரில்தான் கோட்டை பணிந்தது. சுவர் லாயக்கில்லை என்று ரிப்போர்ட் எழுதப்பட்ட கட்டடம் ஐந்தாறு மாதம் நின்றது என்றால், அந்த மாதிரி ரிப்போர்ட் நிறைய எழுதியவன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. பஸ்ஸை விட்டவனைக்கூட 'கோட்டை விட்டுட்டான்' என்கிறோம். கோயமுத்தூர்க்காரனுக்கு அதைச் சொல்லக் கூடுதல் உரிமை உண்டு.

*மண்கோட்டை பலமா, கல்கோட்டை பலமா? பட்டிமன்றத்துக்கு வேண்டும்.*
— மாணவர், காங்கயம்

பீரங்கி வராத வரைக்கும் கல். வந்த பிறகு, மண்ணைச் சாதாரணமாக நினைக்காதே கண்ணு.

கல் இறுக்கமானது. குண்டு விழுந்தால் விரிசல் ஓடும், சில்லு தெறிக்கும், அந்தச் சில்லே உள்ளிருப்பவனைக் குத்தும். மண் சுவர் குண்டை விழுங்கிவிடும். ஒரு குழி விழும், அவ்வளவுதான். ராத்திரி நாலு கூடை மண்ணைப் பிசைந்து அப்பினால் குழி இல்லை. பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டைதான். 1801 மார்ச்சில் கும்பெனிப் படை அதை ஏறிப் பிடிக்கப் பார்த்துத் தோற்றுத் திரும்பியது, மே மாதம் பெரும்படையோடு வந்துதான் பிடிக்க முடிந்தது. வடக்கே பரத்பூரும் அப்படித்தான். 1805இல் லேக் பிரபு நாலு முறை மோதினார், நாலு முறையும் தோல்வி.

புத்தகத்தை நம்பாவிட்டால் என் கையை நம்பு. எங்க அப்பாரு கட்டின மண்வீட்டின் பின்சுவரை இடிக்க நானும் இரண்டு ஆளும் கடப்பாரையோடு இறங்கினோம். ஒன்றரை முழம் அகலம். குத்தினால் 'பொத்' என்று சத்தம், கடப்பாரை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும், பிடுங்குவதற்கே தெம்பு போய்விடும். மூன்று நாள் ஆச்சு. அதே வளவில் பின்னால் எழுப்பின செங்கல் சுவரை ஒரு முற்பகலில் தள்ளிவிட்டோம்.

மண்ணுக்குச் சத்துரு மழை. தலைப்பு நனைந்தால் கரையும். வருசா வருசம் பூச ஆள் இருந்தால்தான் அது கோட்டை. கல்லுக்குச் சத்துரு அரசங்கன்று. காக்காய் போட்ட விதை இடுக்கில் முளைத்து, பீரங்கி அசைக்காத கல்லை வேரால் நகர்த்திவிடும். எங்கே பார்த்தாலும் செடியாக இருக்கும்போதே பிடுங்கிப் போடு. இதைப் பட்டிமன்றத்தில் சொல்ல வேண்டாம், கோட்டைக்குப் போனால் செய்.

*சங்ககிரியிலிருந்து நாமக்கல் கோட்டைக்குச் சுரங்கப்பாதை உண்டாமே?*
— வாசகர், திருச்செங்கோடு

இந்தக் கேள்வி மட்டும் ஏழு பேர். நேர்கோட்டில் போனாலே நாற்பது கிலோமீட்டருக்கு மேல். அடியில் முழுக்கக் கருங்கல். நம்ம காட்டில் அறுபதடிக் கிணறு வெட்ட வெடி வைத்து எத்தனை மாசம் ஆச்சு என்று உங்க அய்யனைக் கேளுங்க. அப்புறம் காற்றுக்கு என்ன வழி, ஊற்றுத் தண்ணீரை யார் இறைப்பது, வெட்டின கல்லை எங்கே கொட்டினார்கள்? அந்தக் கல்லைப் போட்டிருந்தால் இன்னொரு மலை எழும்பியிருக்கும். கோட்டைக்குள் நிலவறை இருக்கும், மருந்துக் கிடங்கு இருக்கும், அவசரத்துக்கு வெளியேறச் சின்னத் திருட்டு வாசல் இருக்கும். அதைப் பார்த்தவன் பேரனுக்குச் சொல்லும்போது நீளமாகிவிடுகிறது.

*பாலக்காட்டுக் கோட்டையை ஏன் அங்கே கட்டினார்கள்?*
— வாசகி, பொள்ளாச்சி

உங்கள் ஊருக்கு ஆனி ஆடியில் காற்று வருகிற கணவாய்தான் காரணம். மலைத்தொடரில் அவ்வளவு அகலத் திறப்பு வேறு இல்லை. கொங்கிலிருந்து மேற்குக் கரைக்குப் படை போக அதுதான் நல்ல வழி. 1766இல் ஹைதர் அலி அதற்குப் பூட்டுப் போட்டார்.

*பவானிசாகர் அணையில் தண்ணீர் வற்றினால் கோட்டை தெரியுமா?*
— வாசகர், புன்செய்ப் புளியம்பட்டி

தண்ணாயக்கன் கோட்டை. போசள மன்னரின் தண்டநாயகர்கள் காலத்துப் பேர். மைசூர் மேட்டிலிருந்து கஜலஹட்டிக் கணவாய் வழியாக இறங்கினால் முதலில் கால் வைப்பது அந்தப் பக்கம்தான். 1790 செப்டம்பரில் திப்பு அந்த வழியாக இறங்கித்தான் சத்தியமங்கலத்தில் கர்னல் பிளாய்டோடு மோதினார். அணை வேலை 1948இல் ஆரம்பித்து 1955இல் முடிந்தது, கோட்டை தண்ணீருக்குள் போச்சு. எங்கய்யன் அந்த அணையில் கல் சுமந்தவர். ஆயுசு முழுக்க நான் கரையும் மதகும் கட்டினவன். அதனால் அங்கே போனால் யார் பக்கம் நிற்பது என்று எனக்குத் தெரிவதில்லை.

ஒரு வறட்சி வருசம் தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தபோது போனேன். தூரத்தில் மாதவப் பெருமாள் கோயில் கல் தெரிந்தது. ஆசையில் காய்ந்த தரை என்று நம்பி இறங்கினேன். மேலே ஓடு மாதிரி வெடித்திருந்தது, உள்ளே முழங்கால் சேறு. பரிசல்காரர் ஒருவர் துடுப்பை நீட்டி இழுத்துவிட்டார். "ஏனுங்க, படிச்சவங்கதானே?" என்று மட்டும் கேட்டார். ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது.