18 வயது மகனுக்கு மலை ரோட்டில் ஓட்ட முதல் கார் எது எடுக்கலாம்?

தலவாக்கலையில் இருக்கிறீர்கள், மகனுக்கு 18 முடிந்து லைசன் கைக்கு வந்துவிட்டது. ஹட்டனுக்கு வகுப்புக்குப் போய்வரவும், பாட்டியை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவும் 50 லட்சத்துக்குள் ஒரு பாதுகாப்பான கார் வேண்டும், பழைய அல்டோ 800 போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் நானுஓயாக்காரன். அக்கா மகளுக்காகப் போன வருடம் இதே தேடலில் கம்பளை, கண்டி, பண்டாரவளை என்று அலைந்தேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

அல்டோ 800 வேண்டாம். பெற்றோல் குறைவாகக் குடிக்கும், பார்ட்ஸ் எங்கும் கிடைக்கும், குறுகலான தோட்டத்து ரோட்டில் எதிரே லொறி வந்தாலும் ஒதுங்க இடம் கிடைக்கும், எல்லாம் உண்மை. ஆனால் 2014இல் குளோபல் என்கேப் அமைப்பு ஏர்பேக் இல்லாத அல்டோ 800ஐ மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தபோது, பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. அதைவிட முக்கியமான விஷயம், உட்கார்ந்திருப்பவரைச் சுற்றியுள்ள காரின் கூடே நசுங்கிவிடுவதால் ஏர்பேக் மாட்டினாலும் பெரிய பயன் இருக்காது என்று அவர்கள் சொன்னது. நம் ரோட்டில் எதிரே வருவது பெரும்பாலும் பஸ்ஸும் தேயிலை லொறியும்தான். புதிதாக ஓட்டுகிற பிள்ளைக்கு ஏர்பேக் இல்லாத காரை வாங்கிக் கொடுக்க எனக்கு மனம் வராது.

அப்படியானால் எது? உங்கள் தொகைக்கு நான் முதலில் தேடச் சொல்வது 2005க்குப் பிறகு வந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா விட்ஸ். ஐரோப்பாவில் யாரிஸ் என்ற பெயரில் விற்கப்பட்ட இதே தலைமுறைக் கார் 2005இல் யூரோ என்கேப் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கியது. நமக்கு வந்தவை ஜப்பான் கார்கள், ஏர்பேக் எண்ணிக்கை காருக்குக் கார் மாறும். அதனால் முன்னால் இரண்டு ஏர்பேக்கும், சடாரென்று பிரேக் மிதித்தாலும் சில்லு பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ்ஸும் இருக்கிறதா என்று நேரில் பார்த்தே எடுக்க வேண்டும். விட்ஸ் அமையாவிட்டால் பெரடுவா அக்சியா. ஆசியான் என்கேப் சோதனையில் 4 நட்சத்திரம் எடுத்த கார், வயதும் குறைவு. நிசான் மார்ச் கே12உம் மோசமில்லை. அது மைக்ரா என்ற பெயரில் ஐரோப்பாவில் 2003இல் 4 நட்சத்திரம் வாங்கியது. ஆனால் இப்போது ரொம்ப வயதாகிவிட்டது, நல்ல நிலையில் ஒன்று அகப்படுவது அதிர்ஷ்டம்தான்.

வேகன் ஆர் எல்லோரும் சொல்வார்கள். நல்ல கார்தான், ஆனால் நான் பார்த்த நல்லவை எல்லாம் உங்கள் தொகைக்கு மேலே இருந்தன. 660 சிசி எஞ்சினில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு நுவரெலியா ஏறும்போது, முன்னால் போகிற லொறியை முந்துவதற்கு உடனடி இழுவை கிடைக்காது. இளம் பிள்ளைகள் அந்த இடத்தில்தான் கணக்குத் தப்புகிறார்கள். ஹொண்டா ஃபிட் ஜிபி5உம் உங்கள் தேடலில் வரும். அதன் டுவல் கிளட்ச் (இரண்டு கிளட்ச் உள்ள ஓட்டோ) கியர்பொக்ஸுக்காக ஹொண்டாவே பலமுறை கார்களைத் திரும்ப அழைத்தது. ஏற்றத்தில் ஊர்ந்து ஊர்ந்து போகும் நெரிசலில் அந்தக் கியர்பொக்ஸ் சூடாகும். முதல் காராக அது வேண்டாம்.

இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த இடைவெளியில் பழைய கார்களுக்கு ஏறிய விலை உங்களுக்கே தெரியும். அதனால் வருடத்தைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள், நிலைமையைப் பார்த்துக் கொடுங்கள். 50 லட்சம் இருந்தால் 45க்குள் காரை முடித்துவிட்டு, மிச்சத்தை டயருக்கும் பிரேக்குக்கும் ஒதுக்குங்கள்.

பார்க்கப் போகும்போது முதல் வேலை ஏர்பேக் விளக்கு. சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் அந்தச் சிவப்பு விளக்கு எரிய வேண்டும், சில விநாடியில் அணைய வேண்டும். கம்பளையில் நாங்கள் பார்த்த வெள்ளை விட்ஸ் ஒன்றில் மற்ற விளக்கெல்லாம் எரிந்தன, இது மட்டும் எரியவே இல்லை. விற்றவர், “அது ஒன்றுமில்லை தம்பி, பல்ப் போயிருக்கும்” என்றார். கூட வந்த மெக்கானிக் பாஸ் ஸ்டியரிங் நடுவில் இருந்த மூடியை விரலால் தடவிக் காட்டினார். ஓரம் முழுக்கப் பசை வைத்து ஒட்டிய தடம். முன்பு எங்கேயோ மோதி ஏர்பேக் வெடித்த பிறகு, புதிது போடாமல் மூடியை மட்டும் ஒட்டியிருக்கிறார்கள். கார் வெளியே பளபளவென்று இருந்தது. விலையும் குறைவு. எங்கள் பிள்ளை அதை ஆசையாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். அங்கேயே அவளுக்கு விளக்கிச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

ஏர்பேக் இருந்தாலும் இன்னொரு சோதனை பாக்கி. அந்தக் காலத்து டொயோட்டா, ஹொண்டா, நிசான் கார்கள் பலவற்றில் டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் இருந்தது. அதிலுள்ள அமோனியம் நைட்ரேட் வெக்கையிலும் ஈரப்பதத்திலும் வருடக்கணக்கில் கெட்டுப்போய், வெடிக்கும்போது உலோகத் துண்டுகளை ஆளின் மேலேயே வீசிவிடும். நம் ஊர் குளிர்தானே என்று விடாதீர்கள், இந்தக் கார்களில் பாதி கொழும்பு வெயிலில் ஓடியவை. காசு கொடுக்கும் முன் சேசிஸ் நம்பரைக் கொடுத்து, ஏர்பேக் மாற்ற வேண்டிய பட்டியலில் இருக்கிறதா, ஏற்கெனவே மாற்றியாகிவிட்டதா என்று அந்தக் கம்பனியின் ஏஜென்டிடம் கேளுங்கள்.

சரி, அடுத்தது பிரேக். மலைநாட்டுக்குக் கார் எடுக்கும்போது எல்லோரும் ஏற்றத்தில் இழுக்குமா என்று கேட்கிறார்கள். நான் இறக்கத்தைத்தான் கேட்பேன். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தலவாக்கலை சுமார் 1,200. பாட்டியோடு திரும்பி வரும்போது அந்த 600 மீட்டருக்கும் மேலான இறக்கத்தை ஒன்று எஞ்சின் தாங்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் தாங்க வேண்டும். எப்போதும் மிதித்துக்கொண்டே வந்தால் சூட்டில் பிரேக்கின் பிடி தளரும். பிரேக் ஒயில் பழையது என்றால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், சூட்டில் கொதித்து ஆவியாகும், பெடல் அப்படியே தரைக்கு இறங்கிவிடும். எடுத்த வாரமே பிரேக் ஒயிலை மாற்றுங்கள், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. ஓட்டிப் பார்ப்பதையும் டவுனுக்குள் முடித்துவிடாதீர்கள். நுவரெலியாவிலிருந்து நானுஓயா வரை இறக்கி, கீழே நிறுத்தி, பெடல் முன்புபோலவே கெட்டியாக இருக்கிறதா, கருகல் வாடை வருகிறதா, பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்குகிறதா என்று பாருங்கள்.

ஓட்டோ கியர் கார் என்றால் ‘டி’க்குக் கீழே ‘எல்’, ‘2’, ‘எஸ்’ என்று ஏதாவது ஒன்று இருக்கும், இறக்கத்தில் அதைப் போடப் பழக்க வேண்டும். மகன் மெனுவலில் லைசன் எடுத்திருந்தால் நான் மெனுவல் காரையே சொல்வேன். ஏறிய கியரிலேயே இறங்கு என்று அந்தக் காலத்து லொறி டிரைவர்மார் சொன்னது இன்றைக்கும் சரிதான்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. பூ நிறைய இருந்தாலும் ஆறேழு வருடம் தாண்டிய டயர் இறுகிப்போயிருக்கும், மழையில் வழுக்கும். அதை மாற்றிவிடுங்கள்.

அப்புறம் ஏசி. நுவரெலியாக் குளிருக்கு ஏசி எதற்கு என்று அது வேலை செய்யாத காரைக் கொஞ்சம் மலிவாகத் தருவார்கள். வாங்காதீர்கள். மழையும் பனிமூட்டமுமாக இருக்கும்போது கண்ணாடியின் உள்பக்கம் மூச்சுக்காற்றிலேயே வெள்ளையாக மூடிவிடும். ஏசி உள்ளே உள்ள ஈரத்தை இழுப்பதால்தான் அது சட்டென்று தெளியும். கையால் துடைத்துக்கொண்டே வளைவு எடுக்கிற பிள்ளையைப் பார்த்தால் வயிறு கலங்கும்.

பேப்பர் விஷயத்தில் சுருக்கமாக: ஓப்பன் பேப்பரில், அதாவது உங்கள் பெயருக்கு மாற்றாமல் கையெழுத்துப் போட்ட படிவத்தை மட்டும் வைத்து, வாங்காதீர்கள், காரின் பதிவுப் புக்கில் லீசிங் கம்பனி பெயர் இருந்தால் அதை நீக்கிய பிறகே முழுக்காசையும் கொடுங்கள். தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸில் உங்கள் காருக்கு எதுவும் கிடைக்காது, முதல் இரண்டு மூன்று வருடமாவது ஃபுல் இன்சூரன்ஸ் போடுங்கள். மகன்தான் ஓட்டப்போகிறான் என்பதையும் அவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வாங்கிய பிறகு ஆரம்ப மாதங்களில் நீங்களோ அனுபவமுள்ள இன்னொருவரோ பக்கத்தில் இருங்கள். கூட்டாளிமாரை ஏற்றுவது, இரவில் ஓட்டுவது இரண்டும் அதற்குப் பிறகுதான். முன் சீட்டுக்கு பெல்ட் 2011இலிருந்தே சட்டம், பின்னால் இருக்கிற பாட்டிக்கும் போட்டுவிடச் சொல்லுங்கள். நுவரெலியாவிலிருந்து திரும்பும்போது பிரதான ரோட்டிலேயே வரட்டும். 2023 ஜனவரியில் பாடசாலை மாணவர்களின் பஸ் வேனிலும் ஓட்டோவிலும் மோதி 7 பேர் இறந்தது ரதல்ல குறுக்குப் பாதையில்தான். அந்த இறக்கத்தை அவன் இப்போதைக்குத் தொடவே வேண்டாம்.