வைரஸில் ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும்?

கேள்வி: வைரஸ் உருமாறுகிறது என்கிறார்களே, அது எப்படி நடக்கிறது? அதனால் மருத்துவத்தில் என்ன வித்தியாசம்?

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய குலசேகரம் பக்கம். அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. 2007 மழைக்காலத்தில் ஒருநாள் விடியும் முன்னே வெட்டுக்குப் போனவர் பாதி வழியிலேயே திரும்பி வந்துவிட்டார். "கத்தியப் பிடிக்க முடியல்ல மக்களே" என்று விரல்களைக் காட்டினார். கணுக்கணுவாக வீங்கியிருந்தன. சிக்குன்குனியா. காய்ச்சல் ஐந்து நாளில் விட்டது. மூட்டுவலி கிறிஸ்துமஸ் வந்தும் விடவில்லை.

தண்ணீர் டிரம்மை மூடி வையுங்கள் என்று வீடுவீடாகச் சொல்லிப் போனார்கள். எங்கள் வீட்டில் டிரம்மே கிடையாது, கிணறுதான். பிறகு கொசு எங்கிருந்து வந்தது? நான் லேப் டெக்னீசியன் படிப்புக்குப் போனதற்கு இந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

வைரஸ் யோசித்து மாறுவதில்லை. நம் செல்லுக்குள் புகுந்து தன்னைப் பிரதியெடுக்கும்போது எழுத்துப்பிழை விழுகிறது. சிக்குன்குனியா ஆர்.என்.ஏ. வைரஸ், அதாவது அதன் மரபுக்குறிப்பு ஆர்.என்.ஏ. என்ற இழையில் எழுதப்பட்டிருக்கிறது, மொத்தம் சுமார் 11,800 எழுத்துகள். எடுத்த பிரதியைச் சரிபார்க்கும் ஏற்பாடு அதனிடம் இல்லை. பெரும்பாலான பிழைகள் வைரஸையே முடக்கிவிடும், அல்லது ஒன்றும் செய்யாது. எப்போதாவது ஒன்று அதற்குப் புதுக் கதவைத் திறந்துவிடும்.

அப்படித் திறந்த கதவுதான் எங்கள் தோட்டத்துக்கு வந்தது. சிக்குன்குனியாவை முக்கியமாகப் பரப்பி வந்தது வீட்டுக்குள் வாழும் ஏடிஸ் எஜிப்தி கொசு. 2005-06-இல் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் நோய் பரவியபோது, வைரஸின் மேலுறைப் புரதம் ஒன்றில் 226-ஆம் இடத்தில் அலனைன் என்ற அமினோ அமிலம் (புரதத்தைக் கட்டும் செங்கல்) போய் வேலின் என்ற வேறொன்று வந்திருந்தது. இதற்காக வைரஸின் மரபுக்குறிப்பில் மாறியது ஒரே ஓர் எழுத்துதான். அதன்பின் ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற தோட்டத்துக் கொசுவுக்குள் வைரஸ் மிக எளிதாகப் பெருகத் தொடங்கியது. முதுகில் நேராக ஒரு வெள்ளைக் கோடு இருக்குமே, பகலில் கடிக்குமே, அந்தக் கொசுதான். 2006-இல் இந்தியாவில் பரவிய வைரஸில் இந்த மாற்றம் இல்லை. 2007-இல் கேரளத்தில் எடுத்த மாதிரிகளில் இருந்தது. அதுவும் ரீயூனியனிலிருந்து வந்ததல்ல, இங்கே தனியாகவே விழுந்த அதே பிழை. எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறியும் இடம் இது.

ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டியிருக்கும் சிரட்டையில் மழைத்தண்ணீர் நின்றால் போதும், அந்தக் கொசு முட்டையிட்டுவிடும். டிரம்மை மட்டும் மூடினால் என்ன பயன்? வைரஸின் எழுத்துகளைத் தொடர்ந்து படித்துப் பார்ப்பது இதற்காகத்தான். எங்கே தடுக்க வேண்டும் என்பதே அதனால் மாறுகிறது.

மற்ற நோய்களிலும் இதுதான் கதை. ஃப்ளூ வைரஸின் மேற்புறம் மாறிக்கொண்டே இருப்பதால், தடுப்பூசியில் எந்த வகைகளைச் சேர்ப்பது என்று உலக சுகாதார அமைப்பு வருஷத்துக்கு இரண்டு முறை கூடிப் பரிந்துரைக்கிறது. எச்.ஐ.வி.க்கு ஒரே மருந்தை மட்டும் கொடுத்தால் அதற்குத் தப்பிய வைரஸ் சீக்கிரம் பெருகிவிடும், அதனால்தான் கூட்டு மருந்து. தட்டம்மையும் ஆர்.என்.ஏ. வைரஸ்தான். ஆனால் அதன் மேலுறை மாற்றத்தைத் தாங்காது, அதனால் 1950-களில் எடுத்த வைரஸிலிருந்து உண்டாக்கிய தடுப்பூசி இன்றும் பலிக்கிறது.

மழையால் வெட்டு இல்லாத நாட்களில் அப்பா இப்போதும் தோட்டத்துக்குப் போவார். ஒவ்வொரு சிரட்டையாகக் கவிழ்த்து, கீழே கிடக்கும் கமுகம்பாளையில் நிற்கும் தண்ணீரையும் கொட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்து சாயா குடிப்பார்.