1641 வாக்குமூலத்தில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது?

கேள்வி: முதுகலை ஆய்வேட்டுக்காக, 1641 அயர்லாந்துக் கலகத்தில் அந்தத் தீவின் வடக்கே உள்ள அல்ஸ்டர் பகுதியில் எல்லாவற்றையும் பறிகொடுத்த ஓர் ஆங்கிலேயக் குடியேற்றக் குடும்பத்தைப் பற்றி எழுதுகிறேன். டப்ளின் டிரினிட்டி கல்லூரி இணையத்தில் வைத்திருக்கும் வாக்குமூலம்தான் ஒரே ஆதாரம். அதில் தேதி 1641 ஜனவரி என்று இருக்கிறது. கலகமோ அக்டோபரில்தான் வெடித்தது. பாதிக்கு மேல் கோடு போட்டு அடித்திருக்கிறார்கள். நஷ்டக் கணக்கும் மலைக்க வைக்கிறது. “அத்தனையும் பிரசாரம், விட்டுவிடு” என்கிறார் என் வழிகாட்டி. விட்டுவிடத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். பிரசாரத்துக்கு அது பயன்பட்டது என்பது உண்மை. அதனால் அந்தக் குடும்பம் சொன்னதெல்லாம் பொய் என்று ஆகிவிடாது.

முதலில் தேதி. அன்றைய இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் புத்தாண்டு பிறந்தது மார்ச் 25-இல். ஆகவே உங்கள் தாளில் உள்ள 1641 ஜனவரி, நம் கணக்கில் 1642 ஜனவரி. கலகம் 1641 அக்டோபர் 22 இரவு ஐரிஷ் கத்தோலிக்கத் தலைவர் ஃபெலிம் ஓ’நீல் சார்லமான்ட் கோட்டையைப் பிடித்ததில் தொடங்கியது. ஏறக்குறைய மூன்று மாதத்தில் பதிவான வாக்குமூலம் உங்கள் கையில் இருக்கிறது. ஆய்வேட்டில் 1641/42 என்றே எழுதுங்கள், குழப்பம் தீரும்.

அடித்தல் விஷயத்தில் நூறு வருடத்துக்கும் மேலாகச் சண்டை நடந்தது. பொய் என்று அதிகாரிகளே அடித்துவிட்டார்கள் என்று ஒரு தரப்பு வாதாடியது. இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்பதில்லை. வாக்குமூலங்களைப் பதிவு செய்த ஆணையத்தின் எழுத்தர் தாமஸ் வேரிங் பிரதி எடுத்தபோது, தனக்குத் தேவைப்படாத பகுதிகளைக் கோடிட்டு ஒதுக்கினார். கொலையும் கொடுமையும் அச்சுக்குப் போக வேண்டும். மாடு, பானை, குத்தகைக் கணக்கு வேண்டாம். ஆகவே அடிபட்ட வரிகளைக் கட்டாயம் படியுங்கள். என்னைக் கேட்டால் குடும்பத்தின் உண்மையான வாழ்க்கை அங்கேதான் இருக்கிறது.

அடுத்து, கேள்வி கேட்டவர்கள் யார், என்ன கேட்டார்கள் என்று பாருங்கள். 1641 டிசம்பர் 23-இல் எட்டுப் புராட்டஸ்டன்ட் பாதிரிமார்களைக் கொண்ட ஆணையம் அமைந்தது. தலைவர் கில்மோர் பேராலயத்தின் டீன் (தலைமைப் பாதிரி) ஹென்றி ஜோன்ஸ். அவரும் கேவன் மாவட்டத்தில் கலகக்காரர்களிடம் சிக்கி, உடைமை இழந்து டப்ளின் வந்தவர்தான். முதலில் அவர்களிடம் ஒப்படைத்த வேலை கொள்ளையையும் கலகக்காரர்கள் பேசிய ராஜத்துரோகப் பேச்சையும் பதிவு செய்வது. கொலைகளையும் விசாரிக்கச் சொன்னது 1642 ஜனவரி 18-இல் வந்த இரண்டாவது ஆணை. உங்கள் வாக்குமூலம் அந்தத் தேதிக்கு முந்தையதா, பிந்தையதா? முந்தையதாக இருந்து கொலை பற்றிப் பேச்சே இல்லையென்றால், கொலை நடக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். கேட்காமல் விட்டிருக்கலாம்.

இனி நஷ்டக் கணக்கு. சத்தியப் பிரமாணம் செய்து கொடுத்திருந்தாலும் இது அடிப்படையில் ஒரு நிவாரண மனு. டப்ளினில் வந்து குவிந்த அகதிகளுக்கு உதவி கிடைக்கவும், பிற்பாடு இழப்பீடு கோரவும் இந்தத் தாள் கையில் இருக்க வேண்டியிருந்தது. எனவே மொத்தத் தொகையை அப்படியே தூக்கி எழுதாமல் பிரித்துப் பாருங்கள். தொகைகள் பல இடங்களில் ரோமன் எண்ணில் இருக்கும். கடைசி ஒன்று (i) மட்டும் வால் நீண்டு j போல இருக்கும். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்று கூட்டுங்கள்.

மாடு, குதிரை, ஆடு, வீட்டுச் சாமான் ஆகியவை பெரும்பாலும் நம்பத் தகுந்தவை. களத்தில் கதிரோடு அடுக்கிய தானியக் குவியலின் மதிப்பு அதிகமாகத் தெரிந்தாலும் சந்தேகப்படாதீர்கள். அறுவடை முடிந்த கையோடு வந்த கலகம் இது. ஆனால் குத்தகை நிலத்தில் வீடு கட்டி, வேலி போட்டு மேம்படுத்திய செலவு என்று ஒரு தொகை இருக்கும். அமைதி திரும்பும்வரை வரவேண்டிய வருமானம் என்று இன்னொன்றும் இருக்கும். பெருந்தொகைகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். முதல் தொகை முன்பே செலவழித்தது, இரண்டாவது வரும் என்று நம்பியது.

கடன் பட்டியலைத்தான் நான் முதலில் படிப்பேன். யாரெல்லாம் தர வேண்டியிருந்தது, யார் கலகத்தில் சேர்ந்ததால் அது வாராக் கடன் ஆயிற்று என்று பெயரோடு வரும். 1610-க்குப் பின் அரசு திட்டமிட்டுக் குடியேற்றிய குடும்பங்கள் ஐரிஷ் அண்டை வீட்டாரோடு கொடுக்கல் வாங்கலில் எவ்வளவு பின்னிக் கிடந்தன என்பது இந்த வரிகளில் தெரியும். கொள்ளையடித்தவர்கள் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே பெயர் இரண்டிலும் வந்தால் உங்களுக்கு ஒரு அத்தியாயம் கிடைத்துவிட்டது. ஐரிஷ் பெயர்களை ஆங்கில எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். தேடும்போது நாலைந்து விதமாகத் தேடுங்கள்.

துன்பத்தைச் சொல்லும் பகுதிக்கு வேறு அளவுகோல் வேண்டும். ஆர்மா மாவட்டத்து விதவை எலிசபெத் பிரைஸ் 1643 ஜூனில் கொடுத்த வாக்குமூலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்துக்கு அனுப்புவதாகச் சொல்லி அழைத்துப் போனவர்களில் தன் ஐந்து பிள்ளைகளும் இருந்தார்கள், போர்ட்டடவுன் பாலத்திலிருந்து பான் ஆற்றில் தள்ளப்பட்டுச் செத்தார்கள் என்கிறார். பிள்ளைகளை அழைத்துப் போனது அவருக்கு நேரடியாகத் தெரியும். பாலத்தில் நடந்தது மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது. போர்ட்டடவுனில் சுமார் நூறு பேர் கொல்லப்பட்டார்கள் என்பதை இன்றைய வரலாற்றாசிரியர்கள் மறுப்பதில்லை. பிறகு அவரே அந்தப் பாலத்துக்குப் போனதாகவும், இடுப்பளவு தண்ணீரில் வெளிறிய ஒரு பெண்ணுருவம் கூந்தல் கலைந்து, கைகளை உயர்த்தி “பழிக்குப் பழி” என்று கத்தியதைக் கண்ணால் பார்த்ததாகவும் சொல்கிறார். ஆவியைக் ‘கண்டேன்’ என்கிறார். பிள்ளைகள் செத்ததைக் ‘கேட்டேன்’ என்கிறார். நேரில் கண்டதெல்லாம் உண்மை, கேள்விப்பட்டதெல்லாம் வதந்தி என்ற சூத்திரம் இங்கே உடைந்துபோகிறது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் கண்டது, கேட்டது, நம்பியது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள்.

எண்ணிக்கை விஷயத்தில் கறாராக இருங்கள். இந்தத் தாள்களை வைத்து ஜான் டெம்பிள் 1646-இல் வெளியிட்ட நூல், இறந்தவர்களை லட்சக்கணக்கில் சொன்னது. உங்கள் வழிகாட்டியின் கோபத்துக்கு அதுதான் காரணமாக இருக்கும். நேரடியாகக் கொல்லப்பட்ட குடியேறிகள் சுமார் 4,000 பேர் என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. உடுத்திய துணியையும் உருவிக்கொண்டு விரட்டப்பட்டு, அந்தக் குளிர்காலத்தில் குளிராலும் பசியாலும் செத்தவர்களைச் சேர்த்தால் இன்னும் பல ஆயிரம்.

மாவட்டத்துக்கு மாவட்டம் நிலைமையும் வேறு. கேவனில் கலகக்காரர்கள் பிடித்து வைத்திருந்த புராட்டஸ்டன்ட் பிஷப் வில்லியம் பெடெல் 1642 பிப்ரவரியில் இறந்தபோது, அவர்களே மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். ஆர்மா கதையை கேவன் குடும்பத்தின் மேல் ஏற்றாதீர்கள். அதேபோல் 1642 ஜனவரியில் அல்ஸ்டரின் ஐலண்ட்மகீயில் புராட்டஸ்டன்ட் தரப்பினர் கொன்ற கத்தோலிக்கர்களின் குடும்பங்களுக்கு ஜோன்ஸ் ஆணையத்தின் முன் இடமில்லை. அந்த ஆணையம் கேட்டது ஒரு பக்கத்தை மட்டும்தான். ஒரு பத்தியிலாவது இதைச் சொல்லுங்கள்.

ஒரே ஆதாரம் என்கிறீர்கள், அது சரியல்ல. 1630 வாக்கில் எடுத்த அல்ஸ்டர் படைப் பட்டியலில் (ஆயுதம் ஏந்தத் தகுந்த ஆண்களின் பெயர்ப் பட்டியல்) குடும்பத்தலைவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 1650-களின் டவுன் சர்வே (Down Survey) என்ற நில அளவையின் வரைபடங்களையும் டிரினிட்டி இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் ஊரைக் கண்டுபிடித்து, 1641-இல் அந்த நிலம் யார் பெயரில் இருந்தது என்று பாருங்கள். அவர் உங்கள் குடும்பம் குறிப்பிடும் நிலக்கிழாராக இருந்தால், வாக்குமூலத்தின் குத்தகை வரிக்கு வெளிச்சாட்சி கிடைத்துவிட்டது என்று வழிகாட்டியிடம் தைரியமாகச் சொல்லலாம்.