கேபிளுக்குப் பதில் ஹைட்ராலிக் கிளட்ச்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னுடையது பழைய மாருதி 800. காட்பாடியிலிருந்து கிரீன் சர்க்கிள் வருவதற்குள் கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் வலிக்கிறது. ஒன்றரை வருடத்தில் இரண்டு கேபிள் அறுந்துவிட்டது. ஹைட்ராலிக் கிளட்சுக்கு மாற்றலாமா?
– வாசகர், காட்பாடி

பதில்: மாற்றலாம். ஹைட்ராலிக்கில் கேபிள் வேலையை ஆயில் செய்யும்: பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ள, கியர்பாக்ஸ் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டர் அந்த அழுத்தத்தில் கிளட்ச் லீவரை நகர்த்தும். மாற்றுவதற்கு முன், கியர்பாக்ஸ் முனையில் கேபிளைக் கழற்றிவிட்டு பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். அப்போதும் இறுக்கமாக இருந்தால் கோளாறு கேபிளிலோ பெடல் புஷ்ஷிலோ இருக்கிறது. லேசாகப் போனால் பெரும்பாலும் பிரஷர் பிளேட் (கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிப்பது) அல்லது ஃபோர்க் ஷாஃப்ட் (லீவர் திருப்பும் தண்டு) புஷ். அந்தப் பாரம் ஹைட்ராலிக் போட்டாலும் குறையாது. கேபிள் அடிக்கடி அறுவதால் இன்ஜின் எர்த் வயரையும் பாருங்கள். அது விட்டுப்போயிருந்தால் ஸ்டார்ட்டர் கரண்ட் கேபிள் வழியாகப் பாய்ந்து கம்பியைச் சுட்டுவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் மாற்றத்தான் வேண்டும் என்றால், முதல் வேலை அளவெடுப்பது. பழைய கேபிள் மாட்டியிருக்கும்போதே பெடலை முழுக்க மிதிக்கச் சொல்லி, கியர்பாக்ஸ் லீவர் முனை எத்தனை மி.மீ. நகர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 25 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மிதி 140 மி.மீ. இறங்கி, பெடல் விகிதம் 5:1 ஆக (மிதி 5 மி.மீ. இறங்கினால் ராடு 1 மி.மீ.) இருந்தால் மாஸ்டர் சிலிண்டர் ராடு 28 மி.மீ. போகும். மாஸ்டர், ஸ்லேவ் இரண்டும் 5/8 அங்குலம் என்றால் ஸ்லேவிலும் அதே 28 கிடைக்கும், தேவையான 25-க்குப் போதும். பெடல் லேசாகட்டும் என்று ஸ்லேவை மட்டும் 3/4 அங்குலம் போட்டால் பரப்பு 1.44 மடங்காகிறது, நகர்வு 19 மி.மீ. சொச்சத்துக்குச் சுருங்கிவிடும். கிளட்ச் முழுக்க விடாது, ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று கத்தும். இந்த மாற்றத்தில் நடக்கும் தவறுகளில் பாதி இதுதான். ஹைட்ராலிக்கில் மிச்சமாவது கேபிள் உராய்வு மட்டுமே. அதற்கு மேல் கிடைக்கும் ஒவ்வொரு லேசுக்கும் நகர்வைத்தான் விலையாகக் கொடுக்கிறோம்.

அடுத்தது திசை. கேபிள் லீவரை இழுக்கும், சாதாரண ஸ்லேவ் தள்ளும். ஆகவே ஸ்லேவ் லீவரின் மறுபக்கத்தில் உட்கார்ந்து, பழைய இழுப்பு எந்தத் திசையோ அதே திசையில் தள்ள வேண்டும். பெடலில் கேபிள் கொக்கி அச்சுக்கு மேலே இருந்தால் அது மாஸ்டர் ராடுக்கு உதவாது. அச்சுக்குக் கீழே புதுக் காது வெல்டிங் செய்ய வேண்டும்.

ஃபயர்வால் (இன்ஜினுக்கும் உள்ளே இருப்பவர்களுக்கும் நடுவிலுள்ள தடுப்பு) தகடு மெல்லியது. மாஸ்டரை அதில் நேரடியாக போல்ட் அடித்தால் மிதிக்கும்போது தகடு உள்வாங்கும், நகர்வு வீணாகும், நாளடைவில் வெடிப்பும் விடும். 3 மி.மீ. இரும்புத் தகட்டை இருபுறமும் வைத்து இறுக்குங்கள். ராடு சிலிண்டருக்கு நேர்கோட்டில் இருக்கட்டும். சாய்ந்தால் சீல் ஒரு பக்கமாகத் தேயும். பைப்புக்கு 3/16 அங்குல ஸ்டீல் பிரேக் பைப், முனையில் டபுள் ஃப்ளேர் (இரட்டையாக மடித்து விரித்த வாய்). சாதாரணச் செம்புக் குழாய் அதிர்வில் இறுகி விரிசல் விடும், வேண்டாம். இன்ஜின் ஆடுவதால் கடைசித் துண்டு ரப்பர் ஹோஸாக இருக்க வேண்டும், சைலன்ஸர் பைப்பை விட்டு விலகியும் போக வேண்டும்.

ஸ்லேவ் ராடு மரையும் லாக் நட்டும் உள்ளதாக இருக்கட்டும். லீவருக்கு வெளியே ஒரு ரிட்டர்ன் ஸ்பிரிங் மாட்டி, லீவர் முனையில் 2 மி.மீ. இடைவெளி விடுங்கள். கேபிள் வண்டியின் ரிலீஸ் பேரிங் (பிரஷர் பிளேட்டைத் தள்ளும் பேரிங்) எப்போதும் உரசிக்கொண்டே சுற்றுவதற்காகச் செய்ததல்ல. மிதிக்கு அடியில் ஒரு ஸ்டாப்பர் போல்ட்டும் கட்டாயம். அது இல்லாவிட்டால் பிரஷர் பிளேட்டின் டயஃப்ரம் ஸ்பிரிங் அளவுக்கு மேல் வளைந்து கெட்டுவிடும்.

ஏர் எடுக்க, அதாவது பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்ற, டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயில் அரை லிட்டர் போதும். நிப்பிள் (காற்றை வெளியே விடும் திருகு) ஸ்லேவின் மேல்பக்கம் இருக்க வேண்டும். பெடலை மிதி, நிப்பிளைத் திற, மூடு, பிறகு பெடலைக் கையால் தூக்கு. அப்படியும் ஏர் போகவில்லையென்றால் 50 மி.லி. சிரிஞ்சில் ஆயிலை நிப்பிள் வழியாக மேல்நோக்கி ஏற்றுங்கள். காற்று தானாக மேலே போகத்தான் பார்க்கும். ஆயில் பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

கேள்வி: ஹைட்ராலிக் கிளட்சுக்கு மாற்றி இரண்டு மாதம் ஆகிறது. காலையில் நன்றாக இருக்கிறது. ஏலகிரி ஏறும்போது ஏழெட்டு கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் இன்ஜின் இரைகிறது, வண்டி ஏறவில்லை. பிளேட் புதியது.
– வாசகர், வாணியம்பாடி

பதில்: பிளேட்டைக் கழற்றாதீர்கள். கிளட்ச் ஸ்லிப் ஆகும்போதே (பிடிக்காமல் வழுக்கும்போதே) வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்லேவ் நிப்பிளைக் கால் சுற்று திறங்கள். ஆயில் பீச்சியடித்து, மூடியபின் வண்டி ஒழுங்காக ஏறினால் காரணம் தெரிந்துவிட்டது: மாஸ்டர் ராடில் ஃப்ரீ பிளே (சிறு தளர்வு) இல்லை. பிஸ்டன் முழுக்கத் திரும்பாததால் ஆயில் டப்பாவுக்குப் போகும் சிறு துளை மூடியே கிடக்கிறது. சூட்டில் விரியும் ஆயிலுக்குப் போக வழியில்லாமல் ஸ்லேவைத் தள்ளுகிறது. ராடை 1 மி.மீ. தளர்த்தி லாக் நட்டை இறுக்குங்கள்.

கேள்வி: அவசரத்துக்கு கிளட்ச் ஆயில் டப்பாவில் பவர் ஸ்டீயரிங் ஆயில் ஊற்றலாமா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: கூடவே கூடாது. சீல் ரப்பர் ஊறி உப்பிவிடும். ஏற்கெனவே ஊற்றியிருந்தால் ஆயிலை மாற்றுவது மட்டும் போதாது. மாஸ்டர், ஸ்லேவ் இரண்டின் சீல் கிட்டும் ஹோஸும் புதிதாகப் போட்டு, பைப்பை ஸ்பிரிட் விட்டுக் கழுவிக் காயவைத்த பிறகே புது பிரேக் ஆயில் ஊற்ற வேண்டும்.