பைத்தான் நோட்புக் பழக எங்கிருந்து தொடங்கலாம்?

பைத்தான் ஓரளவு தெரியும், லேப்டாப் பழசு, நோட்புக்கில் (நிரலும் அதன் விடையும் ஒரே பக்கத்தில் இருக்கும் ஃபைல்) எப்படித் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். எதையும் இன்ஸ்டால் செய்யாமல், பிரவுசரிலேயே நோட்புக் ஓட்ட உதவும் கூகுள் கோலாபில் தொடங்குங்கள். ஜிமெயில் இருந்தால் போதும். கணக்குப் போடுவது கூகுளின் கம்ப்யூட்டர். உங்கள் லேப்டாப்பில் பிரவுசர் திறந்தால் சரி.

யூடியூபில் பலரும் டைட்டானிக் பயணிகள் பட்டியலை வைத்துத்தான் சொல்லித் தருகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. எங்கள் ஊர் மார்த்தாண்டம் பக்கம். வீட்டில் ரப்பர் ஷீட் விற்ற கணக்கு டைரியில் இருந்தது. அதை வைத்துப் பழகினேன். விடை தப்பாக வந்தால் மாமா பார்த்த உடனேயே சொல்லிவிடுவார், அது பெரிய வசதி.

முதல் செல்லில் (நிரல் எழுதும் கட்டம்) இப்படி எழுதி ஷிஃப்ட், என்டர் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள்:

எடை = 12
விலை = 180

அடுத்த செல்லில்:

தொகை = எடை * விலை
தொகை

2160 என்று கீழேயே வரும். கடைசி வரியில் இருப்பதை நோட்புக் தானே காட்டிவிடும், பிரிண்ட் தேவையில்லை. ஆமாம், பைத்தான் 3ல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். (180 சும்மா போட்ட எண், சந்தை விலை என்று நினைத்துவிடாதீர்கள்.)

இப்போது விலையை 190 ஆக்கி, முதல் செல்லை மட்டும் ஓட்டுங்கள். தொகை இன்னும் 2160தான். இரண்டாவது செல்லையும் ஓட்டினால்தான் 2280. சரி, முதல் செல்லையே அழித்துவிட்டால்? அப்போதும் கணக்கு வரும்! ஏனென்றால் மதிப்புகள் இருப்பது நோட்புக் பக்கத்தில் இல்லை, பின்னால் இருந்து நிரலை ஓட்டும் கெர்னலின் நினைவில். புதிதாக வருபவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். செல்லின் இடப்பக்கம் சதுர அடைப்புக்குள் வரும் எண், எது எத்தனையாவதாக ஓடியது என்று சொல்லும். எண்கள் மேலிருந்து கீழே வரிசையாக இல்லையென்றால் விடையை நம்பாதீர்கள். ரன்டைம் மெனுவில் செஷனை, அதாவது கெர்னலை, ரீஸ்டார்ட் செய்து எல்லாச் செல்லையும் ஓட்டும் வசதி இருக்கிறது. யாருக்காவது அனுப்பும் முன் அதைக் கட்டாயம் செய்யுங்கள்.

அப்புறம் பாண்டாஸ், அட்டவணைக் கணக்குகளுக்கான பைத்தான் லைப்ரரி. மழை நாளில் ரப்பர் மரத்தில் பால் வெட்டு இருக்காது. எங்களுக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் டைரியில் அப்படி வெற்று நாட்கள் ஏராளம். அங்கே 0 போட்டால் பாண்டாஸ் அதையும் ஒரு நாளாக எண்ணும், சராசரி இறங்கிவிடும். காலியாக விட்டால் அந்த நாளைத் தள்ளிவிட்டுத்தான் சராசரி போடும். வெட்டு நடந்த நாளின் சராசரி வேண்டுமா, மாதம் முழுமைக்குமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

கோலாபில் நோட்புக் கூகுள் டிரைவில் தானாகச் சேமிக்கப்படும். ஆனால் செஷனில் அப்லோட் செய்த சிஎஸ்வி ஃபைல் (அட்டவணையை வெறும் எழுத்தாக வைக்கும் ஃபைல்), செஷன் முடிந்ததும் போய்விடும். அதை டிரைவிலேயே வைத்து இணைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்கு நெட் போகிற ஊர் என்றால், கை பழகிய பிறகு, நோட்புக்கை உங்கள் லேப்டாப்பிலேயே ஓட்டும் ஜூப்பிட்டர்லேப் இன்ஸ்டால் செய்யலாம். அதுவும் பிரவுசரில்தான் திறக்கும், நெட் வேண்டாம். கோலாப் நோட்புக்கை டவுன்லோட் செய்தால் அதிலேயே திறக்கும்.