பட்டம் கட்டினால் படகுக்கு எண்ணெய் மிஞ்சுமா?

கேள்வி: திருகோணமலைப் பக்கம் குச்சவெளியில் 23 அடி கண்ணாடியிழைப் படகு வைத்துத் தொழில் செய்கிறேன். 15 குதிரைவலு மண்ணெண்ணெய் எஞ்சின். வருமானத்தில் பெரும் பங்கை எண்ணெயே விழுங்குகிறது. வெளிநாட்டில் கப்பலையே பட்டம் கட்டி இழுக்கிறார்களாம். நமது படகுக்கும் அப்படிச் செய்தால் சரிவருமா?

பதில்: 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே பாய்ச்சலில் 340 ரூபாய்க்குப் போனபிறகு இந்தக் கேள்வி எழாத கரை கிடையாது. பட்டம் படகை இழுக்கும், அதில் சந்தேகம் வேண்டாம். எவ்வளவு இழுக்கும், எந்தப் பக்கம் இழுக்கும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நீங்கள் கேள்விப்பட்ட கப்பல் பெரும்பாலும் 'பெலுகா ஸ்கைசெயில்ஸ்' ஆக இருக்கும். 132 மீட்டர் நீளம். 2008இல் 160 சதுர மீட்டர் பட்டத்தோடு ஜெர்மனியிலிருந்து வெனிசுவேலாவுக்குப் போனது. அந்தப் பட்டம் வானத்தில் சும்மா நிற்கவில்லை. எட்டு வடிவில் ஓயாமல் வீசியபடி இருந்தது, அதை ஓட்டக் கணினி இருந்தது. நிற்கும் பட்டத்தைவிட வீசும் பட்டம் பல மடங்கு இழுக்கும். உங்கள் படகில் ஒருவர் எஞ்சினையும் ஒருவர் வலையையும் பார்க்க, பட்டத்தை எட்டு போட வைக்க மூன்றாமவருக்கு எங்கே போவது? ஆகவே நிற்கும் பட்டத்துக்கே கணக்குப் பார்ப்போம்.

குச்சி இல்லாத, காற்று புகுந்து உப்பும் வகைப் பட்டம், 6 சதுர மீட்டர், 50 மீட்டர் கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல்மட்டத்தில் காற்று மணிக்கு 15 கடல்மைல் என்றால் பட்டம் பறக்கும் உயரத்தில் 18 அளவில் இருக்கும். காற்று நேர்பின்னால் வர, படகு 5 கடல்மைல் வேகத்தில் போகிறது. பட்டத்துக்குக் கிடைப்பது மிச்சமுள்ள 13தான். அதில் சுமார் 13 கிலோ இழுவை வரும். எஞ்சின் கணக்கில் இது ஏறத்தாழ ஒரு குதிரைவலு, அதாவது மணிக்கு அரை லீற்றருக்கும் குறைவான எண்ணெய். அதே காற்றில் எஞ்சினை முறுக்கி 12 கடல்மைலில் ஓடினால் பட்டத்துக்கு மிஞ்சுவது 6 கடல்மைல் காற்று. இழுவை மூன்று கிலோவுக்கு விழுந்துவிடும். வேகமாக ஓடுகிற படகில் பட்டம் வெறும் அலங்காரம்.

வேகத்தைக் குறைத்தாலோ, பட்டமே இல்லாமல் எண்ணெய் மிஞ்சும். உங்கள் அளவுப் படகு 6 கடல்மைலைத் தாண்டியதும் தானே எழுப்பிய அலையை ஏறிக்கடக்க வேண்டியிருக்கிறது. அங்கேதான் எண்ணெய் ஆறாய் ஓடுகிறது. பட்டம் வாங்கும் காசுக்கு முன்னால், அடிப்பகுதியில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் சுரண்டி, விளிம்பு நெளிந்த புரொப்பெல்லரை மாற்றிவிடுங்கள் என்பேன்.

இனித் திசை. வைகாசி பிறந்தால் நமது கரையில் கச்சான்தான். தென்மேற்கிலிருந்து தரையைக் கடந்து, சூடாக, கடலை நோக்கி அடிக்கும் காற்று. வலைக்குப் போகும்போது பட்டம் அழகாக இழுக்கும். திரும்பும்போது காற்று முகத்துக்கு நேரே. பட்டத்தைச் சுருட்டி உள்ளே வைக்க வேண்டியதுதான். கரையோரமாக நிலாவெளிப் பக்கம் போனால் காற்று விலாவில் அடிக்கும். அடிக்கட்டை இல்லாத தட்டையான படகு முன்னே போவதைவிடப் பக்கவாட்டில் வழுக்கும். மூதூரிலிருந்து கொட்டியாரக் குடாவைக் கடந்து திருகோணமலைக்கு வருபவருக்குக் கச்சான் சற்றுப் பின்விலாவில் அடிப்பதால் ஓரளவே ஒத்துழைக்கும். ஆனால் அங்கே கப்பல் பாதை இருக்கிறது, கடற்படை இருக்கிறது, சீனன்குடா விமானத்தளம் இருக்கிறது. அனுமதி கேட்காமல் அந்தப் பக்கம் பட்டம் ஏற்றவே கூடாது.

1903இல் சாமுவேல் கோடி என்பவர் பட்டம் இழுத்த சிறு படகில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். முதலில் டோவரிலிருந்து புறப்படப் பார்த்தார், காற்று விடவில்லை. பிறகு எதிர்க்கரையான கலேக்குப் போய், அங்கிருந்து வந்தார். சாகசக்காரருக்கு எந்தக் கரையிலிருந்து புறப்பட்டாலும் சரி. நமக்கு மீனோடு வீட்டுக்கே திரும்ப வேண்டும். ஆகவே பட்டத்தை நம்பி எண்ணெய்க் கானில் ஒரு லீற்றர்கூடக் குறைக்காதீர்கள். எஞ்சின் நின்றுபோன படகைக் கச்சானில் பட்டம் ஆழ்கடலுக்குத்தான் கொண்டுபோகும்.

இவ்வளவுக்குப் பிறகும் செய்துபார்க்க ஆசை என்றால், கடற்காற்று கரைநோக்கி மிதமாக வீசும் பங்குனி, சித்திரைப் பிற்பகல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கயிற்றைப் படகின் முன்முனையான அணியத்தில், முடிந்தவரை தாழ்வாகக் கட்டுங்கள். உயரத்தில் கட்டினால் காற்று திரும்பும்போது படகு சாயும். ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாக இருக்கட்டும், பக்கத்தில் கத்தியும் இருக்கட்டும். கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்கவே கூடாது. 25 கடல்மைல் வேகத்தில் ஒரு வீச்சுக் காற்று வந்தால் அதே பட்டம் 50 கிலோ இழுக்கும், விரல் தாங்காது. பட்டத்தின் பின் ஓரத்தில் இன்னொரு மெல்லிய கயிறு வேண்டும். அதை இழுத்தால் பட்டம் காற்றைக் கொட்டிவிட்டுத் தளர்ந்து இறங்கும். தண்ணீரில் விழுந்தால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். நனைந்த பட்டம் நங்கூரம்போல் பிடிக்கும், தளர்ந்த கயிறு நேராகப் புரொப்பெல்லரைத் தேடிப் போகும்.

என்னைக் கேட்டால், இதே 6 சதுர மீட்டர் துணியைக் குட்டையான பாய்மரத்தில் பாயாகக் கட்டுவது மேல். உயரத்துக் காற்று கிடைக்காதுதான். ஆனால் ஏற்ற இறக்க ஒருவர் போதும், கடலில் விழாது, பக்கக் காற்றிலும் ஓரளவு உதவும்.

எதைக் கட்டினாலும் மிச்சத்தைக் கண்ணால் மதிக்காதீர்கள். கானில் கோடு போட்டு, அதே தூரம், அதே பாரம், ஒத்த காற்று, அதே வேகம் என்று துணியோடு ஒரு நாளும் துணியில்லாமல் ஒரு நாளும் ஓடி, இறங்கிய எண்ணெயை அளந்து பாருங்கள்.