பாலத்துக்கு அந்தப் பக்கம் போக நினைக்கும் தம்பிக்கு

தம்பி, திருச்சியில் இருந்து வந்து கனடாவில், பிரம்ப்டனில் படிக்கிறேன் என்று எழுதி நாலு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். வாடகை, குளிர் உடுப்பு, பகுதிநேர வேலை, கடைசியாக, பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) கிடைத்தால் அப்படியே அமெரிக்காவுக்கு வேலைக்குப் போய்விடலாம்தானே, இரண்டும் ஏறக்குறைய ஒரே நாடுதானே என்று. முதல் மூன்றுக்கும் பதில் சொல்ல நூறு பேர் வருவார்கள். சப்பாத்தை மட்டும் மலிவாக வாங்காதீர்கள், அவ்வளவுதான். நாலாவதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது.

ஒரே நாடு இல்லை. 8,891 கிலோமீற்றர் எல்லை, பெரும்பகுதியில் வேலிகூடக் கிடையாது, அதைப் பார்த்துத்தான் சனம் ஏமாறுகிறது. பி.ஆர். அட்டை கனடாவில் இருப்பதற்கான அட்டை. உங்கள் கையில் இருப்பது இந்தியக் கடவுச்சீட்டு, அதோடு நயாகராவின் மறுகரைக்குப் போய்ப் படம் எடுப்பதற்கும் அமெரிக்க விசா வேண்டும். எல்லோரும் சொல்கிற அந்த அமெரிக்க டி.என். வேலை அனுமதியும் குடியுரிமை எடுத்த கனேடியருக்குத்தான், பி.ஆர். காரருக்கு இல்லை. குடியுரிமை கேட்க ஐந்து வருடத்தில் 1,095 நாள் இங்கே இருந்திருக்க வேண்டும், பி.ஆரைத் தக்கவைக்கவே 730 நாள். அமெரிக்கக் கம்பனிக்கு அங்கே போய் உழைக்கிற நாள் இந்தக் கணக்கில் சேராது. எனக்குத் தெரிந்த ஒரு பெடியன் வேறு வழியில் விசா எடுத்து நியூ ஜேர்சியில் நாலு வருடம் இருந்துவிட்டு, அங்கே வேலை போனதும் கனடா இருக்கிறதுதானே என்று திரும்பி வந்தான். இருக்கவில்லை.

இன்னொன்று, சும்மா பார்த்துவிட்டு வரப் போனாலும் பயணக் காப்புறுதி இல்லாமல் போகாதீர்கள். அங்கே ஆஸ்பத்திரியில் படுத்தால் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்து மருத்துவக் காப்புறுதி கொடுப்பது நாளுக்கு அதிகபட்சம் 400 டொலர். என் மச்சானுக்குக் குடல்வால் வெட்டிய காசில் இங்கே ஒரு கார் வாங்கியிருக்கலாம்.

கோபிக்காதீர்கள், தமிழ்நாட்டில் இருந்து இப்போது வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் கனடாவைத் திருச்சி ஜங்ஷன் மாதிரித்தான் பார்க்கிறார்கள், வண்டி மாறுகிற இடம். எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. முப்பது வருடமாக இந்த நாட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு, சனிக்கிழமையானால் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பஃபலோவுக்குப் பெற்றோல் அடிக்கவும் பாலும் சீஸும் அள்ளவும் ஓடுவார்கள் (அன்றைக்கே திரும்பினால் ஒரு சதத்துக்கும் வரிவிலக்கு இல்லை, ஒளித்துக்கொண்டு வருவதுதான்), பிறகு கல்யாண வீட்டில் நின்று கனேடியப் பொருளையே வாங்குவோம் என்று பேச்சு வேறு.

பஃபலோவுக்குப் போகிற அந்த எல்லைப் பாலத்தை எனக்கு வேறு மாதிரித் தெரியும். 1988 ஜனவரி. நியூயோர்க்கில் இறங்கி, இரவு முழுக்க பஸ்ஸில் இருந்து பஃபலோவுக்கு வந்தேன், காலில் கொழும்பில் வாங்கிய துணிச் சப்பாத்து. பீஸ் பிரிட்ஜ் என்கிற அந்தப் பாலத்தைத் தாண்டி கனடாப் பக்கத்துப் போர்ட் ஈரியில் அகதி என்று சொன்னால், ஒரு துண்டில் திகதி எழுதித் தந்து, அதுவரை அமெரிக்காவில் போய் இருந்துவிட்டு வா என்று திருப்பிவிட்டார்கள். அப்போது அதுதான் நடைமுறை. ஐந்து கிழமை ஒரு தேவாலயக்காரர் நடத்திய விடுதியில், நாற்பது பேருக்கு இரண்டு கழிப்பறை. ஜன்னலால் பார்த்தால் ஆற்றுக்கு அந்தப்பக்கம் கனடா தெரியும். விறைத்த கால்விரல் இரண்டில் இன்றைக்கும் உணர்ச்சி குறைவு, அதனால்தான் சப்பாத்துக் கதை. 2004 டிசம்பரில், இரண்டு நாட்டில் முதலில் எதில் இறங்கினாயோ அங்கேயே அகதி என்று கேள் என்கிற பாதுகாப்பான மூன்றாம் நாட்டு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்துவிட்டது, இங்கே சொந்தம் இல்லாத ஒருவன் இன்று நான் வந்த வழியில் வந்தால் பாலத்தோடேயே திருப்பிவிடுவார்கள்.

பிறகு ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் டவுனில் ஒரு அறையில் ஆறு பேர், உணவகத்தில் கோப்பை கழுவல், பிறகு கார் உதிரிப்பாகம் செய்கிற பக்டறி. இப்போது மைனஸ் இருபதிலும் கையுறை இல்லாமல் காரைத் துடைப்பேன், 1967க்குப் பிறகு கோப்பையே வெல்லாத எங்கள் ஐஸ் ஹொக்கி அணி மேப்பிள் லீஃப்ஸுக்காக வருடா வருடம் அழுகிறேன், இதைவிட ஒருவன் எப்படிக் கனேடியன் ஆவது?

அதற்காக அமெரிக்கா இல்லாமல் வாழலாம் என்றும் சொல்லவில்லை. 2024இல் எங்கள் ஏற்றுமதியில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு அங்கேதான் போனது. நாங்கள் செய்கிற பாகம் ஒரு காராக முடிவதற்குள் எல்லையைப் பலதரம் தாண்டும். 2025 ஏப்ரலில் அமெரிக்காவில் இறக்குமதிக் காருக்கு 25 வீத வரி என்றார்கள், அடுத்த கிழமையே எங்களுக்கு ஓவர்டைம் நின்றது. அமெரிக்கருக்குப் பக்கத்தில் இருப்பது யானையோடு படுத்திருப்பது மாதிரி, எவ்வளவு நல்ல யானையென்றாலும் அசைந்தால் எங்களுக்குத் தெரியும் என்று அப்போதைய கனேடியப் பிரதமர் பியர் ட்ரூடோ 1969இல் வாஷிங்டனிலேயே போய்ச் சொன்னார்.

2003 ஆகஸ்ட் 14 பின்னேரம் யானை அசைந்தது. ஒஹையோவில் மின்கம்பி மரத்தில் பட்டதில் தொடங்கி, ஒன்ராறியோவில் பெரும்பகுதி இருட்டு. ஸ்காபரோவில் எங்கள் பதினாலாம் மாடி, லிப்ட் இல்லை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி படியில் இருந்து மூச்சு வாங்கினார், அவருடைய சாமான் பையைத் தூக்கிக்கொண்டு நானும் நின்று நின்று ஏறினேன். யாழ்ப்பாணத்தில் ஐந்தாறு வருடம் மின்சாரமே இல்லாமல் இருந்துவிட்டு வந்த என் அம்மா, "இதுக்கோ இந்த ஆர்ப்பாட்டம்" என்று சிரித்துவிட்டு, ஜாம் போத்தல்களைக் கழுவி, தேங்காய் எண்ணெய் விட்டு, பஞ்சைத் திரித்துப் போட்டு எட்டு விளக்குச் செய்தார். மாடியில் வீட்டுக்கு ஒன்று கொடுத்தோம். மின்சாரம் வந்த பிறகும் கிழவி மட்டும் தன் விளக்கைத் திருப்பித் தரவில்லை.